கரிசல் தாய்மாரின் உழைப்பும் மகள்களின் வேலைக் கனவும்

வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் மகள்களுக்கும் ஊரிலுள்ள மற்றப் பெண்களுக்கும் தூண்டுதலாக இருப்பது மூன்று வழிகளில் நடக்கிறது. முதல் வழி, கண்ணால் காண்பது. பெண் வெளியே போய் உழைத்துச் சம்பளத்தோடு வீடு திரும்புவதைச் சிறுவயதிலிருந்தே பார்க்கும் பிள்ளைக்கு அது அன்றாட நடப்பாகவே பதிந்துவிடுகிறது. இரண்டாவது வழி, கையில் உள்ள காசு. தாயின் சம்பளம் தாயின் கைக்கே வரும்போது, மகளை மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்ற பேச்சில் அவள் சொல்லுக்கு எடை கூடுகிறது. மூன்றாவது வழி, விவரம் தெரிவது. எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் நாலு இடத்துக்குப் போய்வரும் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியவருகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று விரியும் கரிசல் பூமியில் இந்த மூன்று வழிகளையும் தெளிவாகக் காணலாம். இங்கே பெண்கள் வேலைக்குப் போகாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் ஒரு காலத்தில் தாயின் வேலை மகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது; பள்ளிக்கூடத்திலிருந்து அவளைப் பிரித்தது. பிற்காலத்தில் அதே வேலையின் சம்பளம் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. இடையில் மாறியது என்ன என்பதை அறிந்தால், தாயின் உழைப்பு எப்போது தூண்டுதலாகிறது, எப்போது ஆகாமல் போகிறது என்பது விளங்கும்.

மானாவாரிக் காட்டில் பெண்கள்

புதூர், விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அதே பெயரிலான ஊராட்சி ஒன்றியமும் உண்டு. சுற்றுவட்டார நிலத்தில் பெரும்பகுதி மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிரைத் தேற்றி, தை தொடங்கிப் பங்குனிக்குள் வெள்ளாமையை வீடு சேர்க்க வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், மக்காச்சோளம், மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை இந்த மண்ணின் பயிர்கள். உழவும் மருந்தடிப்பும் ஆண்கள் கையில் இருக்க, களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு, வத்தல் காயப்போடுதல் ஆகிய குனிந்து செய்யும் வேலைகள் பெண்களுடையவை.

இந்த வேலையில் இரண்டு குறைகள் உண்டு. வேலை ஆண்டில் சில மாதங்களுக்குத்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது நெடுநாளைய வழக்கம். சொந்தக் காட்டில் பாடுபடும் பெண்ணுக்கோ சம்பளமே கிடையாது. வெள்ளாமையை விற்று வரும் காசு குடும்பத் தலைவரின் கைக்குப் போகும். ஆகவே அம்மா பகல் முழுக்க உழைப்பதை மகள் பார்த்தாலும், அந்த உழைப்பால் வீட்டில் அம்மாவின் நிலை உயர்வதை அவள் பார்க்கவில்லை. அந்த வாழ்க்கையே தனக்கும் வேண்டும் என்று நினைக்க அவளுக்குக் காரணம் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸ்

மழையைச் சாராத வருமானம் தீப்பெட்டித் தொழிலின் வழியாக வந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய் இத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். சிவகாசியில் வேரூன்றிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களுக்குப் பரவியது. குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஏற்ற வறண்ட வெயிலும், விவசாயத்தில் முழு ஆண்டுக்கும் வேலை கிடைக்காத மக்களும் இங்கே இருந்ததே காரணம். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. வட்டார வழக்கில் அது தீப்பெட்டி ஆபீஸ். அங்கே வேலை செய்வோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

கைவேலையாக நடந்த காலத்தில் ஒவ்வொரு தீப்பெட்டியும் பல பெண்களின் கைகளைக் கடந்து வந்தது. கோடு வெட்டிய மெல்லிய மரச்சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்து, சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்குவது கட்டை அடுக்கும் வேலை. ஒரு கட்டைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகள் வேண்டும். ஒரு குச்சி மேலே தூக்கி நின்றாலும் மருந்தில் முக்கும்போது தலை சரியாக அமையாது. ஆகவே எல்லா நுனிகளும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். பிறகு மருந்து முக்கி, காயவைத்து, குச்சியைப் பெட்டியில் அடைத்து, பக்கவாட்டில் உரசும் மருந்து பூசி, லேபிள் ஒட்டி, பண்டல் கட்டுவார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணையிலும் நடந்தது. இத்தனை கட்டை, இத்தனை குரோஸ் என்று எண்ணிக்கைக்குத்தான் கூலி. குரோஸ் என்பது 144 பெட்டி.

எண்ணிக்கைக்குக் கூலி என்ற அந்த ஏற்பாடுதான் குழந்தைகளையும் உள்ளே இழுத்தது. தாயோடு மகளும் உட்கார்ந்தால் கட்டை கூடும். சனிக்கிழமை சம்பளமும் கூடும். சிறு விரல்கள் குச்சி அடுக்குவதற்கு வாகானவை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. விடியுமுன் கிராமங்களுக்கு வரும் ஆபீஸ் வண்டியில் ஏறிய குழந்தைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். தம்பி பள்ளிக்கூடம் போக, அக்கா ஆபீஸ் போனாள். 1990-இல் சலம் பென்னுர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் இந்த நிலையை நாட்டுக்குக் காட்டியது. கோவில்பட்டி வட்டார எழுத்தாளரான பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படத்தைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் குழந்தைகளின் வாழ்க்கையை வைத்தே இயக்கினார்.

வேலைக்குப் போகும் தாய் இங்கே முன்மாதிரியாக இருந்தாள் என்பது உண்மை. ஆனால் அவள் உட்கார்ந்த இடத்துக்கே மகளும் வந்து சேர்ந்தாள். குடும்பம் பிழைக்கத் தாயின் கூலி போதவில்லை. மகளுக்கு வேறு வழியும் திறந்திருக்கவில்லை. அந்த நிலையில் தாயின் உழைப்பிலிருந்து மகள் கற்றது, தப்பமுடியாத விதி என்ற பாடத்தை மட்டுமே.

குழந்தைக்குப் பதில் பெரியவருக்கு வேலை

மாற்றம் பல பக்கங்களிலிருந்து வந்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. தடையை மீறி ஒரு குழந்தையை அமர்த்தினால் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அத்தோடு, வேலையிலிருந்து விடுவிக்கப்படும் குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் வேலை பெற அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாயைக் குழந்தையின் நலநிதியில் சேர்க்க வேண்டும். பெற்றோருக்குச் சரியான வருமானம் கிடைத்தால்தான் பிள்ளை பள்ளியில் நிலைக்கும் என்ற உண்மையை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

மறுபக்கம் பள்ளிக்கூடம் குழந்தைகளைத் தன்பக்கம் இழுத்தது. முதலமைச்சர் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கி வைத்தது இதே கரிசல் பூமியில் உள்ள எட்டயபுரத்தில்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. ஒரு வேளைச் சோறு பள்ளியில் உறுதி என்றான பிறகு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில் குடும்பத்துக்கு நேரும் இழப்பு குறைந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு இலவச மிதிவண்டி வந்தபோது, பக்கத்து ஊர்ப் பள்ளி வரைக்கும் போய்வருவது பெரிய காரியமாக இல்லை. சிவகாசிப் பகுதியில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், படிப்பை விட்ட பிள்ளைகளை மீண்டும் வகுப்பறையில் சேர்த்தன. கட்டை அடுக்கும் வேலையையும் குச்சி அடைக்கும் வேலையையும் இயந்திரங்கள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் சிறு விரல்களின் தேவை மறைந்தது.

இப்படி மகள் ஆபீஸ் தரையிலிருந்து எழுந்து வகுப்பறைக்குப் போன பிறகுதான் தாயின் வேலைக்குப் புதிய பொருள் வந்தது. தாய் கொண்டுவந்த சம்பளம் மகளின் நோட்டுப் புத்தகமாகவும் பேருந்துக் கட்டணமாகவும் கல்லூரிக் கட்டணமாகவும் மாறியது. தீப்பெட்டி ஆபீசிலும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பட்டறையிலும், பருத்திக் காட்டிலும் உழைத்த தாய்மார் மகள்களிடம் சொன்னது ஒன்றுதான்: நாங்கள் பட்டது எங்களோடு போகட்டும், நீ படித்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போ. மகள் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டது வீட்டு வாசலைத் தாண்டிச் சம்பாதிக்கும் துணிச்சலை. எந்த வேலை என்பதை அவளே தேர்ந்துகொள்ள முடிந்தது.

ஊரில் கண்ணில் படும் வேலைகள்

தாயைத் தவிர வேறு பெண்களும் முன்மாதிரியாக வேண்டும். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. சத்துணவு மையம் ஒவ்வொன்றிலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை கிடைத்தது. கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அதில் முன்னுரிமை இருந்தது. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், தொடக்கப் பள்ளி ஆசிரியை என்று சிற்றூர் அளவிலேயே பல பெண்கள் அரசுப் பணியில் இருந்தனர். 1989-இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 2021-இல் அது 40 விழுக்காடாக உயரும் என அரசு அறிவித்தது.

இந்தப் பெண்களில் பலர் தாய்மார். காலையில் தன் பிள்ளைக்குத் தலைசீவி அனுப்பிவிட்டு, பையும் பதிவேடுமாக ஊருக்குள் வரும் செவிலியரை வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ள வரும் இளம் தாய்க்கு, குழந்தை பிறந்த பிறகும் வேலையில் தொடர முடியும் என்பதற்கு எதிரே நிற்கும் அவரே சாட்சி. கிராமத்துப் பெண் பிள்ளையைக் கேட்டால் டீச்சராவேன், நர்ஸாவேன் என்று சொல்வதன் காரணமும் இதுவே. கண் முன்னால் பெண்கள் செய்யக் கண்ட வேலைகள் அவை.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதற்கு இன்னொரு களம் அமைத்தன. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி, மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. குழுவில் சேர்ந்த பெண் மாதந்தோறும் சேமித்தாள், கையெழுத்துப் போட்டாள், வங்கிக்குப் போய் மேலாளர் எதிரே உட்கார்ந்து பேசினாள். கடன் வாங்கி ஆடு மாடு வளர்த்தவர்களும், தையல் எந்திரம் வாங்கியவர்களும், வத்தல், மல்லி அரைத்துப் பொடியாக விற்றவர்களும் உண்டு. எல்லாத் தொழிலும் வெற்றி பெறவில்லை. ஆனால் பணம் புழங்கும் இடத்தில் பெண்ணும் புழங்கலாம் என்பது வழக்கமாயிற்று. வேலை உறுதித் திட்டத்தின் நூறு நாள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் கரிசல் ஊர்களில் நடைமுறையாக்கியது. கூலி வங்கிக் கணக்கில் ஏறியதால் பெண்ணின் பெயரிலேயே பணம் நின்றது.

ஆய்வுகள் காட்டுவது

கரிசலில் கண்ட இந்த நடப்பை உலக அளவிலான ஆய்வுகள் உறுதி செய்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கேத்லீன் மெக்கின்னும் அவருடன் பணியாற்றியவர்களும் 29 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலைக்குப் போன தாய்மாரின் மகள்கள், மற்ற மகள்களைவிட வேலையில் இருக்கும் வாய்ப்பு அதிகம். மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். மகன்களின் வேலைவாய்ப்பில் இதனால் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் அவர்கள் வீட்டாரைக் கவனித்துக்கொள்வதில் கூடுதல் நேரம் செலவிட்டனர். பொருளியலாளர்கள் ராகெல் ஃபெர்னாண்டஸ், அலெஸ்ஸாண்ட்ரா ஃபோக்லி, கிளாடியா ஒலிவெட்டி ஆகியோர் 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வேலைக்குப் போன தாயிடம் வளர்ந்த ஆணின் மனைவியும் வேலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். தாயின் வேலை மகளை மட்டுமன்றி வீட்டுக்கு வரும் மருமகளையும் எட்டுகிறது.

ஊர்ப் பெண்களின் முன்மாதிரி பற்றிய முக்கிய ஆய்வு மேற்கு வங்கத்தில் நடந்தது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோர் 495 கிராமங்களில் நடத்திய அந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஊராட்சித் தலைவர் பதவி இருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மகனுக்கும் மகளுக்கும் இடையே பெற்றோர் வைத்திருந்த எதிர்பார்ப்பின் வேறுபாடு குறைந்தது. பள்ளிப் படிப்பில் ஆண், பெண் இடைவெளி மறைந்தது. வீட்டு வேலையில் சிறுமிகள் செலவிட்ட நேரமும் குறைந்தது. அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிய வேலைகள் வந்துவிடவில்லை. தலைவராக ஒரு பெண்ணைப் பார்த்ததே மாற்றத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2019 தேர்தல் அந்த அடிப்படையில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் மதிப்பிட வேண்டும்.

வேலை இருக்கிறது என்ற செய்தியே ஊருக்கு எட்டாத நிலையும் உண்டு. ராபர்ட் ஜென்சன் வட இந்தியக் கிராமங்களில் செய்த சோதனையில், தொலைபேசிச் சேவை மையங்களுக்கு ஆள் எடுப்போர் மூன்று ஆண்டுகள் ஊருக்கே வந்து பெண்களுக்கு விவரம் சொன்னார்கள். அந்த ஊர்களில் இளம்பெண்களின் திருமணம் தள்ளிப்போனது. படிப்பும் பயிற்சியும் கூடின. முன்மாதிரியோடு விவரமும் சேர வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

கிண்டியில் ஒரு தாய்

ஒரு தாய் உள்ளே நுழைந்ததால் மற்றவர்களுக்கும் கதவு திறந்ததற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. சென்னையில் 1919-இல் பிறந்த ஏ. லலிதாவுக்கு 15 வயதில் திருமணமானது. 18 வயதில் மகள் பிறந்தாள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்தார். கைம்பெண்ணை மூலையில் உட்காரவைத்த காலம் அது. லலிதாவின் தந்தை பாப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவருடைய முயற்சியால் 1940-இல் லலிதா அக்கல்லூரியில் சேர்ந்தார். பெண்கள் படிக்க வரலாம் என்று கல்லூரி அறிவித்ததும் லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கல்கத்தாவில் மின்சார நிறுவனம் ஒன்றில் பல்லாண்டு பணியாற்றி, 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது பன்னாட்டுப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார்.

லலிதா வேலைக்குப் போனபோது சகோதரர்களின் குடும்பத்தார் மகளைப் பார்த்துக்கொண்டனர். துணிவும் திறமையும் அவருடையவை. அவை பயன்பட வழி செய்தது குழந்தையை ஏற்றுக்கொண்ட குடும்பம். தீப்பெட்டி ஆபீஸ் தாய்க்கும் பொறியாளர் தாய்க்கும் பொதுவான தேவை இது.

இன்னும் நிற்கும் தடைகள்

முதல் தடை வீட்டு வேலை. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஆண் 97 நிமிடம். வேலைக்குப் போகும் தாய் விடியுமுன் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, மாலையில் மறுபடியும் அடுப்படிக்குத் திரும்புகிறார். இந்த ஓட்டத்தை மட்டுமே காணும் மகள் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்யவும் கூடும். தகப்பனும் அண்ணன் தம்பியும் வீட்டு வேலையில் பங்கெடுக்கும் வீட்டில்தான் தாயின் வேலை மகளுக்கு விரும்பத் தக்கதாகத் தெரியும்.

இரண்டாவது தடை குழந்தைப் பராமரிப்பு. 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்பு தந்தது. ஆனால் திண்ணையில் பெட்டி ஒட்டுபவருக்கும் காட்டில் களையெடுப்பவருக்கும் இவை எட்டவில்லை. அவர்களுக்கு அங்கன்வாடிதான் காப்பகம். அது வேலை நேரம் முழுக்கத் திறந்திருந்தால்தான் தாய் நிம்மதியாக வேலை பார்க்க முடியும்.

மூன்றாவது தடை தூரம். புதூர் போன்ற ஊரிலிருந்து கோவில்பட்டிக்கோ அருப்புக்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ தினமும் போய்வர நேரத்துக்குப் பேருந்து வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது செலவைக் குறைத்திருக்கிறது. நாகலாபுரத்திலும் கோவில்பட்டியிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் வந்ததால் பட்டப்படிப்பு பக்கத்துக்கு வந்திருக்கிறது. 1989 முதல் திருமண உதவியாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டமாக மறுவடிவம் பெற்று, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெண்ணுக்கு அரசு செய்யும் உதவி கல்யாணச் செலவிலிருந்து கல்விச் செலவுக்கு மாறியது கரிசல் தாய்மாரின் விருப்பத்தோடு ஒத்துப்போகிறது.

நான்காவது தடை, பட்டம் பெற்ற பின் உள்ளூரில் தகுதிக்கேற்ற வேலை இல்லாமை. படித்த மகள் மீண்டும் தீப்பெட்டி ஆபீசுக்கே போக நேர்ந்தால், அடுத்த வீட்டுத் தாய் தன் மகளைப் படிக்க வைக்கத் தயங்குவாள். தொழிற்பயிற்சி, விளைபொருளைப் பதப்படுத்தும் தொழில்கள், வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதிகள் ஆகியவை ஒன்றுசேர வேண்டும்.

வேலைக்குப் போகும் ஒவ்வொரு தாயும் தன் ஊருக்கு ஒரு வாக்குறுதி போன்றவர். பெண் உழைத்தால் உயரலாம் என்று அவர் வாழ்ந்து காட்டுகிறார். அந்த வாக்குறுதி பலிக்க, அவருக்குரிய கூலி அவர் கைக்கே வர வேண்டும்; பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும்; வீட்டு வேலை பங்கிடப்பட வேண்டும்; படித்து முடிக்கும் மகளுக்கு வேலை காத்திருக்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டைக் கரிசல் பூமி இரண்டு தலைமுறைப் போராட்டத்தால் பெருமளவு பெற்றுவிட்டது. எஞ்சிய இரண்டும் குடும்பங்களும் அரசும் தொழில் நடத்துவோரும் செய்து முடிக்க வேண்டிய வேலை.